ஊர்க் கஜானா – 9: சாலை இறங்கி வந்தது, பணம் வரவில்லை

2017 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளுக்குச் சென்னையிலிருந்து அவசரமாக ஒரு சுற்றறிக்கை போனது. உங்கள் எல்லைக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை இனி நீங்களே எடுத்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்பது அதன் சாரம்.

காரணம் ஊரறிந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2017 மார்ச் 31-இல், 20 ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு அந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தது. தமிழ்நாட்டுக்கு அவ்வளவுதான் தளர்வு. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை மாற்றுவது சுலபம். மாநில நெடுஞ்சாலை நகராட்சிச் சாலை ஆகிவிட்டால் தீர்ப்பு அதைத் தொடாது. வேறு சில மாநிலங்களும் இதே வழியைப் பிடித்தன.

அன்று நடந்த விவாதமெல்லாம் மதுவைச் சுற்றியே நடந்தது. நான் சாலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பேருந்தும் லாரியும் இரவு பகலாக ஓடும் இருவழிச் சாலை அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல்தளம் போட்டே ஆக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் குழி அடைக்க வேண்டும். பாலம், சிறுபாலம், ஓரத்து வடிகால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நகராட்சியின் வருமானம் என்ன? சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை. அந்தச் சாலையில் ஓடும் வண்டிகள் கட்டும் வாகன வரியும், அவை நிரப்பும் டீசலின் மதிப்புக் கூட்டு வரியும் மாநிலக் கஜானாவுக்குப் போகின்றன. மத்திய அரசு எரிபொருளில் வசூலிக்கும் சாலை செஸ், மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பிலேயே சேராது. ஆக, சாலையைத் தேய்ப்பவர் கட்டும் வரி ஓரிடம், தேய்ந்த சாலையைச் சீர்செய்யும் பொறுப்பு வேறிடம்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. அந்த ஏப்ரலில் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. மன்றத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாநில அரசு நியமித்த தனி அலுவலர்கள். கொடுப்பது மாநில அரசு, வாங்கிக்கொள்வதாகத் தீர்மானம் எழுதுவது மாநில அரசின் ஊழியர். “எங்களுக்கு இந்தச் சுமை வேண்டாம், வேண்டுமானால் பணத்தோடு கொடுங்கள்” என்று சொல்ல ஒரு கவுன்சிலர்கூட அறையில் இல்லை.

பாமக வழக்கறிஞர் கே. பாலுவும் திமுகவின் ஆர்.எஸ். பாரதியும் உயர் நீதிமன்றம் போனார்கள். அப்படி மாற்றப்படும் சாலைகளில் மதுக்கடை திறக்க இடைக்காலத் தடை வந்தது. ஜூலையில், சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவு நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்று விளக்கியதும் அவசரம் தணிந்தது. ஆனால் ஒரு சாலையை அதன் பராமரிப்புச் செலவு என்ன என்று கேட்காமலே ஒரு கையெழுத்தில் கீழே தள்ளிவிட முடியும் என்பது அன்று வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

சாலையும் அதற்கான வரியும் ஒரே கையில் இருந்த காலமும் உண்டு. 1866-லேயே சென்னை மாகாணத்தில் சாலைக்கென்று தனி மேல்வரி வந்துவிட்டது. ஜில்லா போர்டுகள் நிலவரியோடு சேர்த்து மேல்வரி வாங்கின, சாவடி வைத்து வண்டிகளிடம் சுங்கம் வாங்கின, சாலை போட்டன. தஞ்சை ஜில்லா போர்டு இன்னும் ஒரு படி மேலே போய் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1894-இல் அதில் வண்டி ஓடியது. ஒரு உள்ளாட்சி மன்றம் தன் மக்களிடம் வாங்கிய காசில் ரயில் விட்ட ஊர் நம்முடையது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

1931-இல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகளின் சுங்கம் ஒழிந்தது. ஊருக்கு ஊர் சாவடியில் நின்று காசு கொடுத்த வண்டிக்காரருக்கு அது நிம்மதிதான், மறுக்கவில்லை. உள்ளாட்சிகளுக்கு அந்த நஷ்டத்துக்கு ஈடாக மாகாண அரசு இழப்பீடு தரும் என்று சட்டமே சொன்னது. வரி போடும் உரிமையை வைத்திருந்தவர்கள் அன்றிலிருந்து இழப்பீடு கேட்டு நிற்பவர்கள் ஆனார்கள். பிறகு 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது. 1958 ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து ஜில்லா போர்டுகளும் கலைந்தன.

இன்றைய நிலையைப் பார்க்க ஒரு குழிக்கு எழுதிய மனுவின் பின்னால் போனால் போதும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறீர்கள். ரசீது கிடைக்கிறது. மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகிறது. இது மாவட்ட இதர சாலை, நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது என்று எழுதி அவர் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புகிறார். குழாய் உடைந்து தண்ணீர் கசிந்ததால் விழுந்த குழி, குழாய் ஊராட்சியுடையது என்று அங்கிருந்து திரும்பி வருகிறது. இரண்டு பதிலும் உண்மை. தார் ஒருவருக்கு, அடியில் ஓடும் குழாய் இன்னொருவருக்கு, ஓரத்து வடிகால் வேறொருவருக்கு, மேலே எரியும் விளக்கு ஊராட்சிக்கு. மைல்கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று நமக்குத் தெரியும். கல்லே இல்லாத சாலைக்கு யாரிடம் போவது?

நெடுஞ்சாலையில் பாலம் கட்டும்போது பாருங்கள். “மாற்றுப்பாதை” என்று ஒரு பலகை வைத்து லாரிகளைப் பக்கத்து ஊராட்சிச் சாலையில் திருப்பிவிடுவார்கள். மூன்று மீட்டர், மூன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் டிராக்டருக்கும் மினி பஸ்ஸுக்கும் போட்ட சாலை அது. சில வாரங்களில் ஓரம் உடையும், பிறகு சக்கரத் தடத்தில் பள்ளம் விழும், மழை வந்ததும் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். பாலம் திறந்ததும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாலத்தின் மதிப்பீட்டிலேயே மாற்றுப்பாதையைப் பழையபடி சீர்செய்து தருவதற்கும் தொகை ஒதுக்கி, வேலை முடிந்ததும் ஊராட்சியின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மாநில அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊராட்சிக்குப் பொறியாளர் கிடையாது, ரோடு ரோலர் கிடையாது. பணத்தைக் கொடுத்தால் தரமாகச் செலவழிக்குமா என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. ஆனால் ரோலர் இல்லாதவரிடம் சாலையை மட்டும் ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூற்றுக்குப் பத்து, நிதிக் குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. சிறிய ஊராட்சியில் அது மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் கட்டி, தூய்மைப் பணியாளருக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும் சம்பளம் கொடுப்பதற்குள் கரைந்துவிடுகிறது.

புதுச் சாலைக்குப் பணம் வராமல் இல்லை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் இருக்கிறது; அதில் ஒப்பந்ததாரர் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். 2023 ஜனவரியில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டங்கள். ஆறாவது ஆண்டில் விழும் முதல் குழிக்குத்தான் கணக்குத் தலைப்பு இல்லை. அது சிறியதாக இருக்கும்போதே அடைக்க ஆகும் செலவு சொற்பம். அந்தச் சொற்பத் தொகைக்கு நிதி இல்லாமல், முழுச் சாலையும் பெயரும்வரை அடுத்த பெரிய திட்டத்துக்குக் காத்திருக்கிறோம்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அங்கே மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2017-இல் நடந்ததை மறக்காதவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில், நகரத்தில் என்றால் பகுதி சபாவில், உங்கள் ஊரின் சாலைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சாலையும் யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு எந்த நிதியில் போடப்பட்டது, பராமரிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று மூன்றையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: தெருவிளக்கும் மின்கட்டணமும்.

(தொடரும்)