கிணற்று மீன் நற்சான்று ஆகாது

"கிணற்றில் கெண்டை துள்ளுகிறது, தண்ணீருக்கு என்ன குறை?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. ஆலைக் கழிவு இறங்கிய ஊர்களில் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்த ராணிப்பேட்டை ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து மழைநீரோடு குரோமியம் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆறு இணைதிறன் குரோமியமே கொடிய நஞ்சு. அளவு மிகுந்தால் நீர் மஞ்சளாகும். குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது.

இந்த நீரைச் சுத்தம் செய்ய வழி உண்டு. நீரை இறைத்துத் தொட்டியில் விட்டு அன்னபேதி உப்பைக் கலந்தால், நஞ்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும். கணக்குப்படி 1 கிராம் குரோமியத்துக்குச் சுமார் 16 கிராம் அன்னபேதி வேண்டும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். தெளிந்த நீரை வடிகட்டலாம். மற்ற உப்புகள் இதில் நீங்கா. வண்டலை வயலிலோ எருக்குழியிலோ போடக் கூடாது. இது நிபுணர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. அன்னபேதியைக் கிணற்றில் கொட்டிவிட வேண்டாம்.

ஆலைக் கழிவுநீரை மீன் விட்டுச் சோதிப்பதும் உண்டு. வேறு நீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 100க்கு 90 மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஆனால், குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. அதைப்போல் 100 மடங்கு இருந்தாலும் பல மீன்கள் அந்த 4 நாட்களைத் தாங்கிவிடும்! நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரோ லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைந்த அளவிலேயே இரண்டு நாட்களில் மடியும். ஆகவே நீர்த்தெள்ளுச் சோதனையும் ரசாயனப் பரிசோதனையும் அவசியம். பாசன நீரில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் பரிந்துரை.

சந்தேகம் இருந்தால் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிய சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து, அன்றே பரிசோதனைச் சாலையில் சேர்க்கவும். குரோமியம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும்.

வருமுன் காப்பதே மலிவு. தோல் பதனிட்ட நீரிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையைச் சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. கெட்ட நீரைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும். கெடாமல் காப்பது நம் கையில் உள்ளது.