தரையில் தோற்ற வானம்

ஈப்போ நகரின் புந்தோங் பகுதியிலிருந்து சில மைல் தொலைவில்தான் ஈப்போ விமானத் திடல். 1941 டிசம்பர் நடுவில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் படையணி தன் பஃபலோ போர் விமானங்களோடு இங்கே வந்திறங்கியது. டிசம்பர் 19-இல் கோலாலம்பூருக்குப் பின்வாங்கிவிட்டது. மாதம் முடிவதற்குள் ஈப்போ ஜப்பானியர் வசம். பஃபலோ மந்தமான விமானம், அதனால் தோற்றோம் என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். விமானத்தின் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

மெதுவாக மேலேறும் விமானத்துக்கு முன்னெச்சரிக்கைதான் உயிர். எதிரி வருகிறான் என்று யாராவது நேரத்தோடு சொன்னால்தான் விமானி உயரம் பிடிக்க முடியும். அன்று மலாயாவில் ரேடார் சிங்கப்பூர் வட்டாரத்தோடு சரி. வடக்கே, வானத்தைக் கண்ணால் பார்த்துத் தகவல் அனுப்பும் கண்காணிப்பாளர்களே துணை. போர்முனை தெற்கே நகர நகர அந்தக் கண்களும் குறைந்தன.

கோத்தா பாரு விமானத் திடலில் நடந்தது இன்னும் கொடுமை. டிசம்பர் 8 நள்ளிரவு கடந்து ஜப்பானியர் கரையிறங்கியபோது, அங்கிருந்த ஹட்சன் விமானங்கள் பாய்ந்து சென்று அவர்களுடைய கப்பல்களைத் தாக்கின. விமானிகள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அன்று மாலை, எதிரி திடலின் எல்லைக்கே வந்துவிட்டான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. நிலையத்துப் பணியாளர்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். பெட்ரோலும் குண்டுகளும் அப்படியே கிடந்தன, ஓடுபாதையும் உடைக்கப்படவில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகவலைச் சரிபார்த்து, யார் எதை அழிப்பது, எப்போது கிளம்புவது என்று கட்டளையிட வேண்டிய ஒழுங்கு அந்த நேரத்தில் குலைந்து போயிருந்தது. வதந்திக்கு அங்கே மறுப்புச் சொல்ல ஆள் இல்லை.

போருக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம். சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து பேராக் காடுகள் போர்க்களமாயின. 1954 ஜூலையில் ஈப்போவுக்குக் கிழக்கே ‘டெர்மைட்’ நடவடிக்கை தொடங்கியபோது லிங்கன் விமானங்கள் குண்டு வீச, வீரர்கள் பாராசூட்டில் காட்டுக்குள் குதித்தார்கள். குதித்தவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? கோலாலம்பூரில் ஒரு பிரிட்டிஷ் ராணுவப் பிரிவு அரிசியையும் தோட்டாக்களையும் மூட்டையாகக் கட்டி, பாராசூட் மாட்டி, விமானத்தில் ஏற்றியது. அந்த மூட்டைகளோடு தாங்களும் பறந்து, விமானி சைகை கொடுத்ததும் கதவு வழியே தள்ளிவிட்டவர்களும் அவர்களே.

அதற்கு முன்பே, 1950 ஆகஸ்ட் 25-இல் கிளந்தானின் கம்போங் ஜென்டரா அருகே ஒரு டக்கோட்டா விமானம் விழுந்து 12 பேர் மாண்டார்கள். மூட்டை தள்ளும் வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். எச்சங்கள் மீட்கப்பட்டு 2012-இல்தான் கோலாலம்பூரில் நல்லடக்கம் நடந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நம் காலத்துக்கு வருவோம். மலேசிய விமானப்படையின் நூரி ஹெலிகாப்டர் 1968-இல் சேவைக்கு வந்து 2020 தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. விபத்துகளும் உயிரிழப்புகளும் அதன் வரலாற்றில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே ரக இயந்திரத்தை அரை நூற்றாண்டு பறக்க வைத்தது தொழில்நுட்பர்களின் கைகள். காட்டுக்குள் மரங்களுக்கிடையே இறங்கும்போது விமானிக்குப் பின்பக்கம் தெரியாது. கதவோரம் நிற்கும் பணியாளர், வால் சுழலி கிளையில் படாமல் இருக்க, இடம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்லை நம்பித்தான் இறக்கம்.

புந்தோங் வீடுகளில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை விமானப்படை என்று வாயெடுத்தால், ‘பைலட்டாகவா?’ என்பதுதான் முதல் கேள்வி. கண்பார்வை சரியில்லை, செலவு தாங்காது என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, ரேடார், இயந்திரப் பராமரிப்பு, ஆயுதப் பிரிவு, தளவாடம் ஆகியவற்றுக்கும் அந்தப் படையில் ஆள் வேண்டும். அதற்கு என்ன தகுதி, எந்தப் பாடம், எப்போது விண்ணப்பம் என்று பெற்றோர் இந்த ஆண்டே விசாரிக்கலாம்.