ராட்டினம் ஏற டிக்கெட் உண்டு. புகார் சொல்ல ஆள் இல்லை!

தீம் பார்க்கில் அல்லாடும் கம்பெனித் தொழிலாளர்கள்
வாசலைத் தாண்டினால் பணமும் போச்சு, நியாயமும் போச்சா?

ஸ்ரீபெரும்புதூர்,
டிக்கெட் கொடுக்க நாலு ஜன்னல். சாப்பாட்டு டோக்கனுக்கு இரண்டு ஜன்னல். லாக்கர் சாவிக்கு ஒரு ஜன்னல். ஆனால் "அடிபட்டுவிட்டது, பெல்ட் சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று சொல்லப் போனால், எந்த ஜன்னலும் இல்லை!

ஆசையாகத் தீம் பார்க்குக்குப் போய், அவதிப்பட்டுத் திரும்புகிறவர்களின் கதை இது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரே ஒரு லீவு நாள்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன், கண்ணாடி என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் வெளியூர் என்று சொன்னாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட ஒரு விடுதியில் மட்டும் 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம்!

வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்று துணி துவைக்கவேண்டும், ஊருக்குப் பேசவேண்டும், தூங்கவேண்டும். மாதத்தில் ஒரு நாள் மிச்சம் பிடித்து, எட்டுப் பேர் சேர்ந்து கிளம்பினால் அது தீம் பார்க்குக்குத்தான். பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூரில் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில இருக்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் பெரிதாக ஒன்று திறந்தார்கள்.

போகிற வரைக்கும் சந்தோஷம். கோளாறு வந்தால்தான் சங்கடம்.

"மானேஜர் மீட்டிங்கிலே இருக்கார்!"

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பார்க்கின் பெயர் வேண்டாம். எந்தப் பார்க்காகவும் இருக்கலாம்.

எட்டுப் பெண்கள் போகிறார்கள். ஒருத்தியின் செல்போனிலிருந்து எல்லோருக்கும் பணம் கட்டியாயிற்று. மணிக்கட்டில் காகித வளையம் மாட்டியாயிற்று. மூன்றாவது ராட்டினத்தில் ஒருத்திக்குப் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறது.

"அண்ணா, இது டைட்டா இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

ராட்டினம் சுற்றுகிறது. முழங்கை இரும்பில் மோதி வீங்குகிறது. இறங்கியதும் முதலுதவி அறையில் மருந்து தடவி, ஒரு பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். புகார்ப் புத்தகம் கேட்டால் "ஆபீசிலே இருக்கு". ஆபீசுக்குப் போனால் "மானேஜர் மீட்டிங்கிலே இருக்கார்". ஒரு மணி நேரம் காத்திருந்தால் "மெயில் போட்டுடுங்க, பார்த்துக்கிறோம்".

மணி ஆறு. பஸ் பிடிக்கவேண்டும். ஒருத்திக்கு நைட் ஷிப்ட். கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கழற்றவேண்டும் என்று சொல்லி, வாசலிலேயே காகித வளையத்தையும் கத்தரித்துக் குப்பையில் போட்டாயிற்று.

மறுநாள் போன் போட்டால், எதிர்முனையில் ஒரே கேள்வி: "எந்தத் தேதி? டிக்கெட் இருக்கா? யாருகிட்ட சொன்னீங்க?"

கையில் எதுவும் இல்லை. புகார் அங்கேயே முடிந்தது.

ராட்டினம் ஓட்டுகிற பையனையும் குறை சொல்லிப் பயனில்லை. அவனும் காண்ட்ராக்ட் ஆளாகத்தான் இருப்பான். "பெல்ட் சரியில்லை" என்று எழுதி வைத்தால், ராட்டினத்தை நிறுத்தவேண்டும். வரிசையில் நிற்கிற கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது?

கம்பெனியிலே கயிறு இருக்கு!

இதே பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் நடப்பது வேறு. கார் கம்பெனிகளின் அசெம்பிளி லைனில் கோளாறு தெரிந்தால் தொழிலாளியே ஒரு கயிற்றை இழுக்கலாம், அல்லது பட்டனை அமுக்கலாம். தலைக்கு மேலே விளக்கு எரியும். சூப்பர்வைசர் ஓடி வருவார். தேவைப்பட்டால் லைனே நிற்கும். என்ன கோளாறு, எத்தனை மணிக்கு என்று எழுதி வைப்பார்கள்.

ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு மரியாதை. மனுஷி முழங்கைக்கு இல்லையே!

சொல்லிக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண் தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

உயிர் போன பிறகு...

"சின்ன அடிதானே, இதற்குப் போய்ப் புகாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும்.

2012 செப்டம்பரில் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பார்க்கில் ஆக்டோபஸ் ராட்டினத்தில் ஏறிய விமானப் பணிப்பெண் ஒருவர் பரிதாபமாக இறந்தார். தமிழ்நாடே அதிர்ந்தது. பிற்பாடு அந்த வளாகம் சினிமா படப்பிடிப்பு இடமாக மாறியது.

2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் புது ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டபோது அது சரிந்தது. ஊழியர் ஒருவர் பலியானார். பலர் காயம் அடைந்தார்கள்.

2019 ஜூனில் பழஞ்சூர் குயின்ஸ்லேண்டில் உயரத்திலிருந்து இறங்குகிற ராட்டினத்தின் கம்பி அறுந்தது. தரைக்குக் கிட்டத்தில் வந்த பிறகு அறுந்ததால் ஏறியிருந்தவர்கள் தப்பினார்கள். இது எப்படி வெளியே தெரிந்தது? யாரோ ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. போலீசார் விசாரணைக்கு வந்தார்கள். ராட்டினம் நின்றது.

2025 மே 27 அன்று ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட்டது. 30 பேருக்கு மேல் மேலே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் ராட்சத ஏணி வண்டி கொண்டுவந்து இறக்க சுமார் 3 மணி நேரம் ஆனது.

வீடியோவும் தீயணைப்பு வண்டியும் வந்தால்தான் கோளாறு வெளியே வரும் என்றால், புகார்ப் புத்தகம் எதற்கு? பெரிய விபத்துக்கு முன்னால் சின்னக் கோளாறைச் சொல்லத்தானே அது இருக்கவேண்டும்!

"எங்க எல்லை இல்லே!"

போலீசுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் சுற்றல். செம்பரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூர் காஞ்சீபுரம் மாவட்டம். ஆவடி கமிஷனர், தாம்பரம் கமிஷனர் என்று 2022 ஜனவரியிலிருந்து தனித்தனி எல்லைகள் வேறு. வெளியூர்ப் பெண்ணுக்கு எந்த ஸ்டேஷன் என்று எப்படித் தெரியும்?

அவள் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்றுதான். அஜாக்கிரதையால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, இத்தகைய குற்றம் பற்றிய தகவலை எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கவேண்டும்.

கோர்ட்டுக்கு எட்டு முழ வேட்டி வேண்டாம்

சரி, பணத்துக்கும் நஷ்ட ஈட்டுக்கும் எங்கே போவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அதைப் புதிதாக 2019-ல் எழுதி, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பலருக்குத் தெரியாத சங்கதிகள் அதில் இருக்கின்றன.

பார்க் எங்கே இருந்தாலும், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். திருவண்ணாமலைப் பெண் லீவில் ஊருக்குப் போகும்போது அங்கேயே போடலாம்.

கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கேட்கிற நஷ்ட ஈடு கணக்கில்லை, கட்டிய டிக்கெட் பணம்தான் கணக்கு. தீம் பார்க் டிக்கெட் எந்தக் காலத்தில் 5 லட்சம் ஆகப்போகிறது?

வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. தானே வாதாடலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட்டால் போதும்.

தோழி செல்போனில் பணம் கட்டினாலும் கவலை இல்லை. பணம் கட்டியவர் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் நுகர்வோர்தான்.

"சொந்தப் பொறுப்பில் ஏறவும்" என்று பலகையில் எழுதிவிட்டால் பார்க்குக்காரர் பொறுப்பு போய்விடும் என்று எண்ணவேண்டாம். அவருடைய அஜாக்கிரதைக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். ஒருதலைப்பட்சமான நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 3 மாதத்தில் தீர்ப்பு சொல்ல முயலவேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தாமேல் வாய்தா விழுந்து இழுப்பதும் உண்டு. அதற்குப் பயந்துதான் பலர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண்ணில் தமிழிலேயே பேசலாம். கம்பெனியோடு பேசித் தீர்த்துவைக்கப் பார்ப்பார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அங்கே இல்லை.

கையில் காகிதம் வேண்டும்

ஆக, சட்டம் இருக்கிறது. இல்லாதது காகிதம்தான். வாசலைத் தாண்டுவதற்குள் அதைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

டிக்கெட்டையும் பணம் கட்டிய மெசேஜையும் பத்திரப்படுத்துங்கள். காகித வளையத்தைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ராட்டினத்தின் பெயர், நேரம், பெல்ட் இருந்த நிலை, காயம் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடியுங்கள். கூட வந்த ஒருவர் பெயரைச் சாட்சியாக எழுதுங்கள்.

முதலுதவி அறையில் சீட்டு கேளுங்கள். அங்கே கொடுக்காவிட்டால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

புகார்ப் புத்தகம் தராவிட்டால் வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால் மறுநாளே ரசீதுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "காமிராப் பதிவை அழிக்கக்கூடாது" என்ற வரியை அதில் மறக்கவேண்டாம். நாளானால் பதிவு அழிந்துவிடும்.

கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் பில் வாங்குங்கள். அந்தப் புகாரைத் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடம் கொடுக்கலாம்.

எதுவும் ஓடாவிட்டால், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது.

என்ன செய்யவேண்டும்?

எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பெண், தன் ஒரு நாள் லீவில் இத்தனையும் செய்யவேண்டியிருக்கிறதே என்பதுதான் வேதனை. பார்க்குக்காரர்கள் மனசு வைத்தால் இதில் பாதி வேலை மிச்சம்.

வெளியே போகிற வாசலில் ஒரு புகார் ஜன்னல். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பக்கத்தில், பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும் எழுதிய பலகை. "பெல்ட் சரியில்லை" என்று யார் சொன்னாலும் ராட்டினத்தை நிறுத்த, அதை ஓட்டுகிறவனுக்கு அதிகாரம். சொன்னவர் கையில் நம்பர் போட்ட ரசீது. லைசென்சைப் புதுப்பிக்க வரும் அதிகாரிகள் இயந்திரத்தோடு அந்தப் புகார்ப் புத்தகத்தையும் வாங்கிப் பார்க்கவேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. தேதி, நேரம், வரி எல்லாம் போட்டு டிக்கெட் அடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, புகாருக்கு ஒரு ரசீது அடிக்கத் தெரியாதா?