சிறை நீங்கியோரும் ஊராரும்

மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதனை ஏலாதாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டற்பாலதன்று. அப்பாத்திரத்துடன் புகார் சேர்ந்த மணிமேகலை, காயசண்டிகை வடிவிற் சிறைக்கோட்டம் புகுந்து ஆங்கிருந்தோரின் பசி தீர்த்தாள். காவலர்வாய் இதனைக் கேட்ட சோழமன்னன் அவள் வேண்டுவது யாதென வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்டாள், மன்னனும் இசைந்தான். சிறையாளரைப் பற்றித் தமிழிற் பேசப் புகுவோர் பெரும்பாலும் இக்கதையையே எடுத்தாள்வர். ஆயின், அக்கோட்டத்தினின்றும் வெளிவந்தோரை ஊர் எவ்வாறு ஏற்றது என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. தீவகத்தில் இன்று விடை வேண்டி நிற்பது அவ்வினாவேயாம்.

யாழ்ப்பாணத்தார் சிறையை மறியல் என்பர். விசாரணை முடியுமுன் காவலில் வைத்தல் விளக்கமறியல். தீர்ப்பின்பின் அனுபவிப்பது சிறைத்தண்டனை. விளக்கமறியலில் உள்ளவர், குற்றம் நிறுவப்படும்வரை சட்டத்தின் கண்ணில் நிரபராதியே. ஊர் வழக்கிலோ இரண்டும் மறியல்தான். இலங்கையில் தண்டப்பணம் கட்ட இயலாமையாற் சிறைபுகுவோர் மிகப் பலர். அவரும் கொலைக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரும் 'மறியலுக்குப் போய் வந்தவர்' என்னும் ஒரே தொடருள் அடங்கிவிடுகின்றனர்.

கொழும்பு போன்ற பெருநகரில் விடுதலை பெற்றவன் கூட்டத்திற் கலந்துவிடலாம். நெடுந்தீவானுக்கு அது கூடாது. யாழ்ப்பாணச் சிறையினின்றும் புறப்பட்டவன் குறிகாட்டுவான் துறைக்கு வந்து படகேறல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். உடன்வருவோர் பெரும்பாலும் அயலவரும் உறவினருமே. வீட்டார் முகத்தைக் காணுமுன் ஊரார் முகத்தைக் காண்கின்றான். எவரும் ஏசுவதில்லை, சற்று விலகி அமர்வர், அவ்வளவே. பின்னர் தோணிக்கு ஆள் சேர்ப்போர் அவனை விடுத்துப் பிறரை அழைப்பர். தங்கைக்குச் சம்பந்தம் பேசுமிடத்து அண்ணனின் மறியற்கதை முன்வந்து நிற்கும். உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தாலோ நற்சான்றிதழ் வேண்டும். ஆயினும் ஊராரின் அச்சத்தை வீணெனத் தள்ளுதலும் தகாது. பொருளைத் திருட்டுக் கொடுத்தவளும் அதே ஒழுங்கையிலேதான் குடியிருக்கின்றாள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டை, போர்த்துக்கீசராற் கட்டப்பெற்று, 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டு ஹம்மன்ஹீல் எனப் பெயர்பெற்றது. அது சிறையாகவும் பயன்பட்டது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியின்பின் ரோகண விஜயவீர முதலியோர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். 1977இல் விடுதலையான அவர் 1982ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றார். அரசியற் கைதிக்கு வாக்களிக்க இத்துணையர் இருந்தனர். தேங்காய் திருடி மறியல் சென்றவனுக்கு ஒருநாட் கூலிவேலை கொடுப்பார் எத்துணையர்? அரசியலும் எப்பொழுதும் காப்பாற்றுவதில்லை. 2009இற் போர் முடிந்தபின் ஏறத்தாழப் பன்னீராயிரவர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலார் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவரல்லர். எனினும், அவர் வீடு திரும்பியபோது, அவரோடு பழகினால் தம்மையும் விசாரிப்பரோ என்று அஞ்சி அயலவர் பலர் ஒதுங்கினர்.

மணிமேகலையும் பின்னொருகாற் சிறைப்பட்டாள் என்பது பலர் நினைவில் இல்லை. உதயகுமரனை வெட்டியவன் காஞ்சனன். காவலில் வைக்கப்பட்டவள் மணிமேகலை. அரசமாதேவி அவளைச் சிறைவிடுவித்துத் தன்னிடத்து வைத்துக்கொண்டாள். 'சிறைவிடு காதை' எனப் பெயரிய அப்பகுதியிற் கூறப்படுவன யாவை? பித்தேற்ற மருந்தூட்டல், இளைஞனொருவனை ஏவிப் பழிசூட்ட முயலல், நோயுற்றாளெனப் பொய்கூறி உணவின்றிப் புழுக்கறையில் அடைத்தல். சிறையில் நேராத துன்பம் சிறைவிட்டபின் நேர்ந்தது. அதனைச் செய்தவளோ இயல்பிற் கொடியவளல்லள். மகனை இழந்த தாய். அவள் மனம் மாறியது அரசாணையாலன்று. துன்பங்களுக்குக் கலங்காத மணிமேகலையைக் கண்டு நடுங்கி, அவளெதிரே அமர்ந்து அவள் சொற்களைக் கேட்டபின்னரே.