குறியீட்டுப் பணி: நுழையும் முன் ஒரு கணக்கு

விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்களில் இளநிலைப் பட்டம் பெற்று வெளிவரும் மாணவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த வழிகள் மிகச் சில. ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லலாம், ஆய்வகத்தில் சேரலாம், மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி ஆகலாம், அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம். அந்தப் பட்டியலில் பின்னாளில் சேர்ந்துகொண்டது 'மெடிக்கல் கோடிங்' எனப்படும் மருத்துவக் குறியீட்டுப் பணி. சென்னையில் பெருமளவிலும், கோவை, திருச்சி போன்ற நகரங்களில் ஓரளவும் இப்பணி நடைபெறுகிறது. செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் படித்தவர்களும் இதை நாடுகின்றனர்.

'கோடிங்' என்ற சொல்லைக் கேட்டதும் கணினி மென்பொருள் எழுதும் வேலை என்று பல பெற்றோர் கருதிவிடுகின்றனர். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோயையும் அளிக்கப்பட்ட சிகிச்சையையும் அங்கீகரிக்கப்பட்ட எண்ணெழுத்துக் குறியீடுகளாக மாற்றுவதே இப்பணி. சிக்கல் ஏதுமற்ற இரண்டாம் வகை நீரிழிவு என்றால் 'இ11.9' என்று குறிப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. நோய்க்கு ஒரு குறியீட்டு நூல், சிகிச்சைக்கு வேறொரு நூல். முன்னது 'ஏன் சிகிச்சை' என்பதையும், பின்னது 'என்ன சிகிச்சை' என்பதையும் சொல்கிறது.

நோய்களுக்குக் குறியீடு இடும் வழக்கம் காப்பீட்டுக்காகத் தோன்றியதன்று. மரணத்தின் காரணங்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதற்காக, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் தலைமையில் தயாரான பட்டியல் 1893-இல் சிகாகோ நகரில் ஏற்கப்பட்டது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. 'ஐசிடி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அப்பட்டியலின் பத்தாம் திருத்தத்தை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் அங்கு ஏறத்தாழ 14,000-ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 70,000-ஆகப் பெருகின. மாடு கடித்தால் ஒரு குறியீடு, மாடு இடித்துத் தள்ளினால் வேறொரு குறியீடு என்னும் அளவுக்கு அது நுணுக்கமானது.

அமெரிக்க மருத்துவமனையின் குறிப்பைத் தமிழகத்தில் ஒருவர் ஏன் படிக்க வேண்டும்? விடை அந்நாட்டின் மருத்துவச் செலவு முறையில் இருக்கிறது. அங்கு முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசுத் திட்டங்கள் உண்டு. ஏனையோரில் பெரும்பாலோர் தனியார் காப்பீட்டில் இருக்கின்றனர். பணம் தருவோர் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விதிகள். மருத்துவமனை அனுப்பும் கோரிக்கையில் குறியீடு சரியாக இருந்தால்தான் பணம் வரும். எனவே, குறியீட்டாளர் அங்கு இன்றியமையாதவர். அவ்வேலையைக் குறைந்த ஊதியத்தில் திறம்படச் செய்யக்கூடிய பட்டதாரிகள் இந்தியாவிலும் பிலிப்பின்ஸிலும் கிடைப்பதால் பணி இங்கு வருகிறது.

பொருளியலில் இதனை 'வழித்தோன்றல் தேவை' என்போம். செங்கல்லுக்கான தேவை வீட்டுக்கான தேவையிலிருந்து பிறப்பதைப் போல, நம் இளைஞருக்கான இந்த வேலை அமெரிக்கக் காப்பீட்டு முறையின் சிக்கலிலிருந்து பிறக்கிறது. அச்சிக்கல் நீடிக்கும்வரை வேலை உண்டு. அதன் விதிகள் மாறினால் வேலையின் தன்மையும் மாறும். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால், நுழைவோர் இதை அறிந்து நுழைய வேண்டும்.

அடுத்து, இப்பணி எத்தகைய திறனைக் கேட்கிறது என்பது. ஆயிரக்கணக்கான குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் தவறானது. குறியீடுகள் நூலிலும் கணினியிலும் கிடைக்கின்றன. மருத்துவரின் குறிப்பைப் பொருளுணர்ந்து படிப்பதே உண்மையான திறன்.

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம். புறநோயாளி ஒருவருக்கு இருமலும் காய்ச்சலும் இருக்கின்றன. 'நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்' என்று மருத்துவர் எழுதுகிறார். அமெரிக்க விதிப்படி, புறநோயாளி குறிப்பில் ஐயத்துடன் எழுதப்பட்ட நோய்க்குக் குறியீடு இடக்கூடாது. இருமலுக்கும் காய்ச்சலுக்கும்தான் இட வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரின் இறுதிக் குறிப்பில் அதே ஐயம் இருந்தால், அந்நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு இட வேண்டும். சொல் ஒன்றுதான், இடம் மாறினால் விடை மாறுகிறது.

மற்றொன்று: ஒரு குறிப்பில் இரண்டாம் வகை நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. இவற்றுக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தாலன்றி, தொடர்பு இருப்பதாகக் கொண்டு 'இ11.22' என்று இட வேண்டும்; சிறுநீரக நோய் எந்த நிலையில் உள்ளது என்பதற்குக் கூடுதல் குறியீடும் வேண்டும். உடலியலும் விதியும் ஒருசேரத் தெரிந்தவர்க்கே இது கைவரும்.

இதில் அறப்பொறுப்பும் உண்டு. வழக்கமான நோயாளி ஒருவர் மருத்துவரைப் பார்த்துச் சென்றதற்கு '99213' என்று இடுவதற்கும் '99214' என்று இடுவதற்கும் இடையே தொகை வேறுபடுகிறது. ஆவணத்தில் ஆதாரம் இல்லாமல் உயர்ந்த குறியீட்டை இட்டு அரசுத் திட்டத்திலிருந்து பணம் பெறுவது அந்நாட்டில் மோசடி வழக்குக்கு உள்ளாகக்கூடிய செயல். 'எழுதப்படாதது செய்யப்படாதது' என்பது இத்துறையின் பாலபாடம். நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்கும் 1996-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் குறியீட்டாளரின் மேசை வரை வந்துவிடுகிறது. நம் நிறுவனங்கள் பலவற்றில் பணியிடத்துக்குள் கைப்பேசிக்கு இடமில்லாதது இதனால்தான்.

இனி, தொடங்கும் வழி. முதல் படி உடற்கூறியல், உடலியங்கியல், மருத்துவக் கலைச்சொற்கள். கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்களைப் பிரித்தறியக் கற்றால் அறியாத சொல்லையும் ஊகிக்க முடியும். இரண்டாம் படி குறியீட்டு விதிகள். அமெரிக்க அரசின் அதிகாரப்பூர்வ வழிகாட்டு விதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மூன்றாம் படி சான்றிதழ். 'சிபிசி' என்ற தேர்வு பரவலாக மதிக்கப்படுகிறது. 100 வினாக்கள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டு நூல்களைப் பார்த்து எழுதலாம். நூலைக் கொடுத்தும் பலர் தோல்வியுறுகின்றனர் என்றால், தேர்வு சோதிப்பது நினைவாற்றலை அன்று என்பது விளங்கும். பணி அனுபவமற்றோர்க்குப் 'பயிலுநர்' என்ற அடைமொழியுடன் சான்று தரப்படும். அனுபவம் சேர்ந்ததும் அது நீங்கும். கட்டணம் அங்கு முடிந்துவிடுவதில்லை. உறுப்பினர் கட்டணமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தொடர்கல்விக் கணக்கும் உண்டு.

சான்றிதழ் இல்லாத புதியவர்களையும் தேர்வு செய்து, தாங்களே பயிற்சி அளிக்கும் நிறுவனங்களும் உள்ளன என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை. ஆகவே, கட்டணம் கட்டிப் படிப்பது ஒன்றே வழி என்ற எண்ணம் சரியன்று. முதலில் நேரடியாக விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லது.

பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்குப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' நூலில் தெளிவான விடை இருக்கிறது. எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படும் பொதுத்திறனுக்கு முதலாளி செலவிடத் தயங்குவார். ஏனெனில், கற்றவர் நாளையே வேறிடம் செல்லக்கூடும். எனவே, அச்செலவு தொழிலாளியின் தலையில் விழுகிறது: கட்டணமாகவோ, தொடக்கக் காலக் குறைந்த ஊதியமாகவோ, 'இத்தனை ஆண்டு விலகக்கூடாது' என்ற ஒப்பந்தமாகவோ. எந்த வடிவில் செலுத்தப் போகிறோம் என்பதைப் புரிந்துகொண்டு கையொப்பமிட வேண்டும். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

பயிற்சி மையத்தின் தரம் அதை நடத்துபவருக்குத் தெரியும். சேரும் மாணவருக்குத் தெரியாது. இத்தகைய தகவல் சமனின்மை உள்ள சந்தையில் தரமற்ற சரக்கு நல்ல சரக்கை விரட்டும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லோஃப் விளக்கினார். இதற்கு மாற்று, கேள்வி கேட்பது. சென்ற அணியில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் எந்தப் பணியில் உள்ளனர் என்று கேட்க வேண்டும். அவர்களில் இருவருடன் நேரில் பேச வேண்டும். 'நூறு சதவீத வேலை உறுதி' என்றால் அதை எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். போலி அனுபவச் சான்று ஏற்பாடு செய்வதாக யாரேனும் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். பின்னாளில் நடைபெறும் பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால் இழப்பு மாணவருக்கே.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில தொகைகளைக் கொள்வோம். மூன்று மாதப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் சேர்த்து ரூ.45,000. அம்மூன்று மாதங்களில் மாதம் ரூ.12,000 தரக்கூடிய வேறு வேலையை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், அந்த ரூ.36,000-மும் செலவுதான். ஆக, முதலீடு ரூ.81,000. குறியீட்டுப் பணி மாதம் ரூ.16,500 தருமானால், கூடுதல் வருவாய் ரூ.4,500. முதலீடு திரும்ப 18 மாதங்கள் ஆகும். கடன் வாங்கியிருந்தால் வட்டியும் சேரும். பதினெட்டு மாதம் இத்துறையில் நிலைத்து நிற்கும் மனநிலை உள்ளவருக்கு இது நல்ல முதலீடு. ஆறாவது மாதம் சலித்து விலகுபவருக்கு நட்டம். நாள் முழுதும் திரையைப் பார்த்து, நாளொன்றுக்கு இத்தனை கோப்புகள் என்ற இலக்குடனும், நூற்றுக்கு 95 என்ற அளவில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் துல்லியத்துடனும் பணியாற்ற இயலுமா என்பதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இவ்வேலையைப் பறித்துவிடாதா என்ற ஐயம் இயல்பானது. இதற்கு நம் கண்முன்னே ஒரு முன்னுதாரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' என்ற பெயரில், அமெரிக்க மருத்துவர் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பணிக்குத் தமிழக நகரங்களில் பயிற்சி மையங்கள் பெருகின. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் மின்னணு மருத்துவ ஆவணமும் பரவியபோது அத்தேவை சுருங்கியது. கேட்டதைத் தட்டச்சு செய்ய மட்டும் அறிந்தவர்கள் வெளியேறினர். மருத்துவ மொழியை உணர்ந்தவர்களில் பலர் தரச் சரிபார்ப்புக்கும் குறியீட்டுப் பணிக்கும் மாறினர்.

குறியீட்டுப் பணியிலும் அதுவே நிகழத் தொடங்கியுள்ளது. ஒரே மாதிரியான எளிய கதிர்ப்பட அறிக்கைகளை மென்பொருள் கையாளத் தொடங்கிவிட்டது. அறுவை சிகிச்சை, உள்நோயாளி ஆவணங்கள், தணிக்கை, காப்பீட்டு நிறுவனம் மறுத்த கோரிக்கைகளை ஆராய்தல் ஆகியவற்றில் மனித மதிப்பீடு இன்னும் தேவைப்படுகிறது. ஆகவே, முதல் வேலை எளிய பிரிவில் கிடைத்தாலும், அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடாமல் கடினமான பிரிவை நோக்கி நகர்வதே பாதுகாப்பு.

இத்திறனுக்கு உள்நாட்டிலும் பயனுண்டு. 2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. நம் மக்கள் எந்நோயால் இறக்கின்றனர் என்பதே தெளிவாகத் தெரியாத நிலையில் மருத்துவ ஆவணத்தைப் படித்து வகைப்படுத்தத் தெரிந்தோர் நமக்கும் தேவை. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டமும், தமிழகத்தில் 2009 முதல் நடைமுறையில் உள்ள அரசுக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவ ஆவணங்களின் அடிப்படையிலேயே தொகை வழங்குகின்றன. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம், சுகாதாரத் தகவல் மேலாண்மையையும் ஒரு தொழிலாக அங்கீகரித்துள்ளது.

உயிரியல் துறைகள் உள்ள நம் அரசுக் கல்லூரிகள், மருத்துவக் கலைச்சொற்களையும் குறியீட்டு அடிப்படையையும் ஒரு விருப்பப் பாடமாக வைத்தால், மாணவர்கள் வெளியே செலவிடும் தொகையில் பெரும்பகுதி மிச்சமாகும். அதற்கான ஆசிரியர்கள் அத்துறைகளிலேயே இருக்கின்றனர்.

மருத்துவக் குறியீட்டுப் பணி மதிப்புக்குரியது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு நிலையான தொடக்கத்தைத் தரவல்லது. ஆயினும், கட்டணம் செலுத்தி நாம் வாங்குவது வேலை உறுதியையா, திறனையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேலை உறுதி என்பது பிறர் சொல்லும் வாக்கு. மருத்துவ ஆவணத்தைப் படித்துணரும் திறன் நம் கைப்பொருள். குறியீட்டு நூலின் பதிப்பு ஆண்டுதோறும் மாறினாலும் அக்கைப்பொருள் நம்மோடு இருக்கும்.