கடல் கடந்த சம்பாத்தியம் யார் கணக்கில்?



காசுக்காரர் என்றவுடன் தேவாலயத்தில் கவிழ்க்கப்பட்ட பலகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் தாலந்து உவமையைச் சொன்னவரும் அதே ஆண்டவர்தாம். பணத்தை மண்ணில் புதைத்தவனை நோக்கி, அதைக் காசுக்காரரிடமாவது ஒப்புவித்திருக்கலாமே என்று எஜமான் கேட்பதை மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மும்பையிலும் பெங்களூரிலும் நம் சபைகளிலுள்ள அநேகக் குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். அவர்களுடைய பணத்தை எந்தக் கணக்கில், யார் பெயரில் வைப்பது?

வேலைக்காக வெளிநாடு சென்றவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரலாகாது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த ஃபெமா சட்டத்தின்படி அவர் வெளிநாடுவாழ் இந்தியராகிறார். வங்கிக்கு அறிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் கிடைக்கும் வாடகை போன்றவை அதில் சேரும். அதன் வட்டிக்கு வரி உண்டு. அங்கே சம்பாதித்ததை அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு உள்ளது. அதுவும் ரூபாய்க் கணக்கே. ஆனால் அசலையும் வட்டியையும் தடையின்றி மீண்டும் வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லலாம். வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. (தசமபாகத்திற்கும் விலக்கு உண்டென்று எவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்!)

பணத்தை ரூபாயாக மாற்றாமல் அந்நியச் செலாவணியாகவே நம் நாட்டு வங்கியில் வைக்க விரும்புவோருக்கு எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருக்கிறது. இது 1 முதல் 5 ஆண்டுகள் வரையிலான வைப்பு மட்டுமே. ஓராண்டு நிறையுமுன் எடுத்தால் வட்டி கிடையாது. இதன் வட்டிக்கும் வரி இல்லை. டாலரில் போட்டால் டாலரிலேயே திரும்பக் கிடைக்கும். 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 40 ரூபாய். 2024-இன் முடிவிலோ 85 ரூபாயைத் தாண்டிற்று. சம்பளம் திராமில் வருகிறதே என்று தயங்க வேண்டியதில்லை. திராமும் சவூதி ரியாலும் டாலரோடு பிணைக்கப்பட்டவை: ஒரு டாலருக்கு 3.6725 திராம், 3.75 ரியால். எனினும் எல்லாரும் இதை நாட வேண்டுமென்று நான் சொல்லேன். டாலர் வட்டி பெரும்பாலும் ரூபாய் வட்டியைவிடக் குறைவு. அடுத்த ஆண்டு வீடு கட்ட இருப்பவருக்கு என்.ஆர்.இ. போதும், மகளை வெளிநாட்டில் படிக்க வைக்க நினைப்பவருக்கு டாலர் வைப்பு ஏற்றது.

போதகனாக நான் வீடுகளில் கண்ட கண்ணீர் வட்டி விகிதத்தினால் வந்ததன்று, பெயரினால் வந்தது. தம்பி அங்கே வெயிலில் நின்று சம்பாதித்ததை, நம்பிக்கையினால் அண்ணன் பெயரிலுள்ள சாதாரணக் கணக்கிற்கு அனுப்புகிறான். பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து கேட்கும்போது, இது குடும்பச் செலவிற்கு, இது தங்கையின் திருமணத்திற்கு என்று கணக்குச் சொல்லப்படுகிறது. அண்ணன் பொய்யராய் இராமலும் இருக்கலாம். ஆயினும் வங்கியின் ஏட்டில் அந்தப் பணம் அவருடையதே. அண்ணன் மரித்தால் அவர் மனைவி மக்களிடமே தம்பி கைநீட்ட வேண்டியவனாகிறான். கணக்கு உழைப்பவர் பெயரில் இருக்கட்டும். என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர். இரண்டிலும் இந்தியாவிலுள்ள மனைவியையோ பெற்றோரையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம். முதலாமவர் உயிரோடிருக்கையில் கணக்கு அவருடையதே. அவருக்குப்பின் மற்றவருக்கு உரிமை வரும். வீட்டுச் செலவிற்குப் பணம் எடுக்க மனைவிக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டால், மாதந்தோறும் மைத்துனர் வாசலில் அவள் நிற்க வேண்டியதில்லை. வாரிசு நியமனத்தையும் அன்றே எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் அட்டை ஆகியவற்றுடன் விடுமுறைக்கு வரும்போது இருவருமாக வங்கிக்குச் செல்லுங்கள்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நிய நாட்டவர் ஊழியத்திற்கென்று அனுப்பும் காணிக்கையைத் தனிப்பட்ட கணக்கில் வாங்கலாகாது. அதற்கு 2010-ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அனுமதி வேண்டும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அப்பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்கிற்கே வரவேண்டும்.

வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் அதையும் வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எஃப்.சி.என்.ஆர். வைப்பை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். முதிர்வு நாள்வரை அதே வட்டியில் தொடரலாம். பின்பு அந்தத் தொகையை ஆர்.எஃப்.சி. எனப்படும் கணக்கிற்கு மாற்றி, இந்தியாவில் குடியிருந்துகொண்டே டாலராக வைத்திருக்கலாம்.