அரையாண்டு லீவில் தாத்தாவோடு குற்றாலம்... இந்த முறை அவரே வழிகாட்டட்டும்!

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, சென்னையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது லேசான காரியமில்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்துத் தாத்தாக்கள் அந்த நாலு நாளுக்காகவே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் தாத்தா ஏற்கெனவே மகனோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோயிருப்பார். அவருக்கு இது சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வரும் பயணம்.

ஆனால், ஊருக்கு வந்தபின் என்ன நடக்கிறது? காலையில் அருவி, மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டா, மாலையில் கோயில். வண்டியை விட்டு இறங்கி ஏற முடியாத தாத்தா, பைகளுக்குக் காவலாகக் காருக்குள் இருப்பார். லீவு முடியும்போது பிள்ளைகளின் போனில் நூறு போட்டோ இருக்கும். தாத்தாவிடம் கேட்ட கதை ஒன்றுகூட இருக்காது.

தென்காசி வட்டாரத்தில் தாத்தா சொன்னால்தான் விளங்கும் விஷயங்கள் எத்தனையோ உண்டு. பயணத்தின் பொறுப்பை இந்த முறை அவரிடமே கொடுத்துப் பார்க்கலாமே!

கோபுரம் இல்லாத தென்காசியைப் பார்த்தவர்

காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுக்காமல் யாரும் தென்காசியை விட்டுப் போவதில்லை. ஏறத்தாழ 180 அடி உயரக் கோபுரம். ஆனால், தாத்தா சிறுவனாக இருந்தபோது அது அங்கே இல்லை. பழைய கோபுரம் 1924-ல் இடி விழுந்து எரிந்துபோனது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. இன்றைய கோபுரம் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது 1990-ல்.

அதாவது, இன்று எழுபது வயதில் இருக்கும் ஒரு தென்காசிக்காரர் தன் பாதி வாழ்க்கையைக் கோபுரம் இல்லாத ஊரில் கழித்தவர். மகனுக்கு அது மங்கலாக நினைவிருந்தால் அதிகம். பேரனுக்கோ கற்பனை செய்வதே கஷ்டம். கோபுர வாசலில் நின்று, ‘அப்போ இந்த இடம் எப்படி இருந்தது தாத்தா?’ என்று கேட்டாலே போதும். அந்த வாசலில் முகத்தில் வந்து மோதுகிற பொதிகைக் காற்றை வாங்கிக்கொண்டே அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்தக் கோயிலை 15-ம் நூற்றாண்டில் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். அவர் பெயரில் இங்கே ஒரு கல்வெட்டு உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து, அதைச் சரிசெய்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக மன்னர் அதில் சொல்கிறார். இன்னும் பிறக்காத சந்ததியைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட ராஜா! அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தாத்தாவைவிடப் பொருத்தமான ஆள் யார்?

மார்கழிக் குற்றாலம் வேற மாதிரி

குற்றாலம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் சீசன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மார்கழியில் அந்தச் சாரல் இருக்காது. மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களைத் தேடினாலும் ஏமாற்றம்தான். அதற்குப் பதிலாக அதிகாலைப் பனி, பாசுரம் ஒலிக்கும் கோயில்கள், கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்களின் கூட்டம் என்று ஊருக்கு வேறொரு முகம். அச்சன்கோவில் ஐயப்பனுக்கான திருஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து தென்காசி வழியாகப் போவதும் இந்த மாதத்தில்தான்.

குற்றாலநாதர் கோயிலில் மார்கழித் திருவாதிரை பத்து நாள் திருவிழா. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை, கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு அமைதியாக இருக்கிறது. இங்கே நடராஜர் ஓவியமாகவே காட்சி தருகிறார். சுவர்கள் முழுக்கப் புராணக் காட்சிகள். அருவிக் கூட்டத்தின் நெரிசல் இல்லாத இந்த இடம் பெரியவர்களுக்கு ரொம்ப வசதி. ஒவ்வொரு ஓவியத்துக்கும் கதை தெரிந்தவர் கூடவே இருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கும் லாபம்.

அருவியில் குளிக்கலாமா?

‘குற்றாலத்துக்கு வந்துட்டு குளிக்காமப் போறதா?’ என்று முதலில் கேட்பது பெரும்பாலும் தாத்தாவாகத்தான் இருக்கும். அவர் பிறந்து வளர்ந்த தண்ணீர் அது. ஆனாலும் இதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் வெளுத்துவாங்கும். மலை மேல் பெய்யும் மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் பேரருவியில் வெள்ளம் ஆர்ப்பரித்துக் கொட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு மே மாதம், பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். ‘குளிக்கத் தடை’ என்று அறிவித்திருந்தால், எத்தனை மைல் தாண்டி வந்திருந்தாலும் திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

குளிர்ந்த நீர் சட்டென்று உடம்பில் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய், பி.பி. உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். கழுத்திலும் தலையிலும் நேராகத் தண்ணீர் விழும் இடத்தைத் தவிர்த்து, ஓரமாக விழும் நீரில் நிற்கட்டும். எண்ணெய் தேய்த்த உடம்போடு பாசி படிந்த பாறையில் நடப்பது யாருக்குமே ஆபத்து. மகனோ, வளர்ந்த பேரனோ கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மலையைக் குடைந்து போகும் ரயில்

நடக்கச் சிரமப்படும் தாத்தாவுக்கு ஒரு நல்ல யோசனை, செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லம் பக்கம் போகும் ரயில். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அகலப்பாதைக்காக 2010-ல் நிறுத்தப்பட்டு, 2018-ல் மறுபடியும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைத் தாண்டினால் குகை, அப்புறம் ஆரியங்காவு, தென்மலை அருகே பதிமூன்று கண் பாலம். பழைய மீட்டர் கேஜ் வண்டியில் போன அனுபவம் தாத்தாவுக்கு இருந்தால், அன்றைய ஜன்னலோரக் கதை அவருடையதுதான்.

குற்றாலத்தின் இன்னொரு தாத்தா

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைத் தெரிந்திருக்கும். 1882-ல் பிறந்த அவர், வக்கீல், மேலவை உறுப்பினர், அறநிலையத் துறை கமிஷனர் என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் தங்கிவிட்டார். அவருடைய அப்பாவின் பெயர் தீத்தாரப்பர். தன் மகனுக்கும் அந்தப் பெயரையே வைத்தார். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே ‘பெயரன்’, பேரன் ஆனான்!

அந்த மகனை 1941-ல் பறிகொடுத்தார் டி.கே.சி. கவிமணி அந்தத் துக்கத்துக்கு ஆறுதலாகக் கவிதை எழுதினார். அதற்குப் பிறகும் டி.கே.சி. ஒடுங்கிப் போய்விடவில்லை. ராஜாஜி, கல்கி என்று விருந்தினர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். 1954-ல் மறையும் வரை கம்பனையும் தமிழையும் வீடு தேடி வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். வயதானவரின் பேச்சைக் கேட்பதற்காகவே பெரிய பெரிய ஆட்கள் ரயிலேறி வந்த ஊர் இது.

கிளம்பும் முன்...

* ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால், 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள்.

* ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மதியத் தூக்கத்துக்கு நேரம் விடுங்கள்.

* ஸ்வெட்டர், மப்ளர், வழக்கமான மாத்திரைகள், மருந்துச் சீட்டின் போட்டோ கையில் இருக்கட்டும்.

* பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் படியேறத்தான் வேண்டும் என்றில்லை. மலை மேல் வரை வண்டி போகப் பாதை இருக்கிறது.

* தாத்தா படித்த பள்ளிக்கூடம், குளித்த வாய்க்கால், ஆச்சியைப் பெண் பார்க்கப் போன தெரு... இவற்றில் ஒன்றாவது லிஸ்ட்டில் இருக்கட்டும்.

* அவர் பேசும்போது பேரப்பிள்ளைகளில் ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். அருவியை அடுத்த வருஷமும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குரலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.